ஜைத்தூன் நகரில் நாங்கள் நால்வர்

(முன்னாள் மாணவன், கட்டடப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவையிலிருந்து கேட்டபோது, என்ன எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். வெளிநாட்டுக்குப் போனவன் எழுதினால் பெரும்பாலும் இரண்டே மாதிரிதான் இருக்கும். ஒன்று, "அங்கே ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு" என்கிற புகழ்ச்சி. இன்னொன்று, "நம்ம ஊர் சாம்பார் மாதிரி வருமா?" என்கிற ஏக்கம். இரண்டையும் விட்டுவிட்டு, நான் படிக்கும் ஊரை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சுற்றிப் பார்த்ததை எழுதுகிறேன். சிவில் பிரிவு நண்பர்களுக்கு இதில் கொஞ்சம் பாடமும் இருக்கிறது. மெக்கானிக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்காக ஒரு கப்பல் வைத்திருக்கிறேன்!

மலையிலிருந்து கடற்கரைக்கு

என் ஊர் பெருமாள்மலை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஏறிய எல்லோரும் எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். பழனி ரோடு வந்து சேருகிற இடம். பஸ் நிற்கும், டீ குடிப்பீர்கள், பனி மூடியிருக்கும், மறுபடி ஏறிப் போய்விடுவீர்கள். அப்புறம் வெள்ளி நீர்வீழ்ச்சி, அப்புறம் கொடைக்கானல். எங்கள் ஊருக்கென்றே வந்து இறங்குகிறவர்கள் குறைவு. வழியில் இருக்கிற ஊர்க்காரன், மற்றவர்கள் எங்கோ போவதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்வான்.

அப்பாவுக்குப் பண்ணைக்காடு பக்கம் ஒன்றரை ஏக்கர். காப்பிச் செடி, நடுநடுவே சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, ஓரத்தில் மலைவாழை. டிப்ளமோ முடித்து, திண்டுக்கல்லில் ஒரு காண்டிராக்டரிடம் இரண்டு வருஷம் சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன். பிறகு சீனாவில் சிவில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த ஒன்றரை ஏக்கரை ஒத்திக்கு வைத்துத்தான் அப்பா என்னை விமானம் ஏற்றினார்.

ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "சீனாவுக்கா? டாக்டருக்குப் படிக்கவா?" "இல்லைங்க, சிவில்." "கட்டடம் கட்டுறதுக்கா அம்புட்டுத் தூரம்?" அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்குப் பேசுவேன். அப்பாவின் முதல் கேள்வி, "சாப்டியாப்பா?" இரண்டாவது கேள்வி, "அங்கன நம்ம ஆளுக யாராச்சும் இருக்காகளா?" எங்கள் கல்லூரியில் தமிழர் யாரும் இல்லை. "இல்லப்பா" என்பேன். அந்தப் பக்கம் சத்தமே வராது. நிலத்தை அடகு வைத்து, கேட்க நாதியில்லாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டோமோ என்று ஒரு மனுஷன் யோசிக்கிற சத்தம் அது. அந்த மௌனத்தைக் கேட்பதற்கு, பரீட்சையில் பெயிலாவது மேல் என்று தோன்றும்.

மூன்று துறைமுகமும் ஒரு மலையும்

நான் படிக்கும் ஊரின் பெயர் சுவான்சௌ. சீனாவின் தென்கிழக்கே ஃபூஜியன் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. சீனர்கள் சொல்லும்போது ஏறக்குறைய "ச்சுவென்-ஜோ" என்று காதில் விழும். மார்கோ போலோவும் இபின் பதூதாவும் இதை "ஜைத்தூன்" என்று எழுதிவைத்தார்கள். அரபு வணிகர்கள் வைத்த பெயர் அது. நம் வீட்டுப் பெண்கள் பாவாடைக்கு எடுக்கிற சாட்டின் துணியின் பெயரே இந்த ஜைத்தூனிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். சோங், யுவான் அரசர்கள் காலத்தில், அதாவது சுமார் 10ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை, உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் இது ஒன்று. 2021இல் யுனெஸ்கோ இந்த ஊரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதெல்லாம் வந்த முதல் மாதத்தில் எனக்குத் தெரியாது. ஹாஸ்டல், வகுப்பு, கேன்டீன், மறுபடி ஹாஸ்டல். போர்டில் எழுதியிருப்பது ஒன்றும் புரியாது. சட்னி அரைக்க மிக்ஸி கிடையாது. அப்போது கிடைத்தவர்கள்தான் இந்த மூன்று நண்பர்கள். ஒருவன் மலேசியாவின் பினாங்கிலிருந்து வந்த சீனன். இன்னொருவன் தான்சானியாவின் ஜான்சிபார் தீவுக்காரன். மூன்றாமவன் வங்கதேசத்துச் சிட்டகாங். மூவரும் துறைமுக ஊர்க்காரர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவன் நான் ஒருவன்தான்.

பினாங்குக்காரன்தான் எங்கள் தலைவன், மொழிபெயர்ப்பாளன், கஜானா எல்லாம். அவன் வீட்டில் பேசுவது ஹொக்கியன். இந்த ஊர்க் கிழவிகள் பேசுவதும் அதே மொழி. அவனுடைய முப்பாட்டனார் இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவராம். பினாங்கில் தமிழர்களோடு வளர்ந்ததால் "மச்சான்", "அண்ணே", "சாப்பாடு" என்ற மூன்று தமிழ்ச் சொல்லும் அவன் கைவசம் இருந்தன. அந்த மூன்றை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றலாம் என்பது அவன் கொள்கை!

"மச்சான், ஞாயிற்றுக்கிழமை ரூமில் படுத்துக்கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? கிளம்புங்க" என்று அவன்தான் எங்களை எழுப்பிவிட்டான்.

பழைய நகருக்குள் ஓடுகிற சின்ன வெள்ளை பாட்டரி வண்டியில் ஏறினோம். ஒடுங்கிய தெருக்கள், சிவப்புச் செங்கல் வீடுகள், வாசலில் உட்கார்ந்து சுண்டுவிரல் உயரக் கிண்ணத்தில் டீ குடிக்கும் பெரியவர்கள். பக்கத்து அன்ஷி மலையில் விளைகிற தேயிலை அது. நம் ஊர் டீக்கடை கிளாஸில் அந்தக் கிண்ணம் நாலைந்து போட்டுவிடலாம். ஆனால் குடித்து முடிக்க முடியாது. காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காலைச் சாப்பாட்டுக்கு, மெல்லிய சேமியாவைக் குழையக் குழையக் காய்ச்சிய கஞ்சி மாதிரி ஒன்று. சிட்டகாங் நண்பன் நாலு கிண்ணம் காலி செய்தான்.

முதலில் பார்த்தது 1009இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசல். முழுவதும் கருங்கல் வாசல். மேற்கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. ஜான்சிபார் நண்பன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் கையை வைத்து நின்றான். "எங்க ஊர்ப் பழைய பள்ளியில இருக்கிற மாதிரியே எழுத்து" என்றான். அன்று முழுவதும் அவன் நடையே மாறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புத்தர் கோயிலில் நரசிம்மர்

அடுத்த ஞாயிறு காய்யுவான் கோயில். 686இல் தொடங்கிய பெரிய புத்தர் கோயில். இரண்டு பக்கமும் இரண்டு கற்கோபுரங்கள். மேற்குக் கோபுரம் 1237இலும் கிழக்குக் கோபுரம் 1250இலும் முடிந்தன. கிழக்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 48 மீட்டர். முழுக்கக் கல். 1604இல் இந்தப் பகுதியையே உலுக்கிய பெரிய நிலநடுக்கம் வந்தது. கோபுரங்கள் அசையவில்லை. மேற்குக் கோபுரத்தின் சுவரில் வாள் ஏந்திய குரங்கு முக வீரன் ஒருவன் இருக்கிறான். சீனக் கதைகளில் வரும் குரங்கு வீரனின் பழைய உருவம் என்பார்கள். நம் அனுமாரின் சாயல் அதில் உண்டு என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள்.

பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். அங்கே கூட்டமில்லை. பினாங்குக்காரன் ஒரு தூணைக் காட்டி, "மச்சான், இது சீனத் தூண் மாதிரி இல்லையே?" என்றான்.

பதினாறு பட்டை போட்ட கருங்கல் தூண்கள் இரண்டு. நடுவில் வட்டத்துக்குள் சிற்பம். கிட்டே போய்ப் பார்த்தேன். மடியில் ஒருவனைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் சிங்க முகம். நரசிம்மர்! இன்னொரு வட்டத்தில், உரலோடு கட்டிய குழந்தை இரண்டு மரங்களுக்கு நடுவே. கண்ணன்! இன்னொன்றில் யானையைக் காப்பாற்ற வரும் பெருமாள். கஜேந்திர மோட்சம்!

எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டி சொன்ன கதைகளை சீனாவில் ஒரு புத்தர் கோயிலின் பின்வாசலில் பார்ப்பேன் என்று யார் நினைத்தார்கள்? நண்பர்கள் மூவருக்கும் வரிசையாக ஒவ்வொரு கதையாகச் சொன்னேன். நான் கதை சொல்ல, பக்கத்தில் நின்ற இரண்டு சீன மாணவிகள் பினாங்குக்காரனிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சுவான்சௌவில் நான் முதன்முதலாக யாருக்காவது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான். மண்டபத்தின் முன்னே உள்ள மேடையின் அடிப்பகுதியிலும் சிங்க உடலும் மனித முகமுமாக வரிசையாகச் சிற்பங்கள். இவையெல்லாம் இந்த ஊரில் இருந்து அழிந்துபோன ஒரு சிவன் கோயிலின் கற்கள். மிங் அரசர் காலத்தில் மண்டபத்தைப் பழுது பார்த்தபோது கொண்டுவந்து வைத்தவை.

சிற்பங்களைச் செதுக்கியவர்கள் இந்த ஊர்க் கல்தச்சர்களாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கதை நம்முடையது, உளி அவர்களுடையது. நிறையப் பூவும் கொடியும் சீன வேலைப்பாடு. அதைத் தெரிந்துகொண்டபின் எனக்குப் பெருமை குறையவில்லை, கூடியது. வேற்று மொழிக்காரனுக்கு நரசிம்மர் எப்படி இருப்பார் என்று ஒரு தமிழன் உட்கார்ந்து விளக்கியிருப்பான் அல்லவா? வரைந்து காட்டியிருப்பான். நம் டிராயிங் ஹாலில் எலிவேஷனும் செக்ஷனும் போடுகிறோமே, அதற்கும் மொழி கிடையாது.

கப்பலில் மிளகு

மெக்கானிக்கல் நண்பர்களே, இதோ உங்கள் கப்பல்! 1974இல் இந்த ஊருக்குப் பக்கத்து ஹௌசூ துறைமுகச் சேற்றிலிருந்து ஒரு பழைய மரக்கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். சோங் அரசர் காலத்தின் கடைசியில் மூழ்கியது. எஞ்சியிருப்பது சுமார் 24 மீட்டர் நீளம். காய்யுவான் கோயில் வளாகத்திலேயே அதற்கென்று ஒரு கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் ரேழி ரேழியாகத் தடுப்பு. 12 குறுக்குச் சுவர்கள், 13 அறைகள். ஒரு அறையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினாலும் மற்ற அறைகள் காப்பாற்றும். ஐரோப்பியக் கப்பல்களில் இந்த முறை பரவலாக வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே கட்டிவிட்டார்கள்.

அந்தக் கப்பலில் என்ன சரக்கு இருந்தது தெரியுமா? வாசனைக் கட்டைகள், சாம்பிராணி, கொட்டைப்பாக்கு, சோழி... அப்புறம், மிளகு. கறுத்துச் சுருங்கிய மிளகு. அதைப் படித்ததும் அப்பாவின் ஒன்றரை ஏக்கர்தான் ஞாபகம் வந்தது. என்னை இந்த ஊருக்கு அனுப்ப ஒத்திக்குப் போனது மிளகுக்கொடி. எழுநூறு வருஷத்துக்கு முன்னாலும் மனிதர்களை இந்த ஊருக்கு இழுத்து வந்தது மிளகுதான்.

கல்லில் ஒரு பெயர்

மூன்றாவது வாரம் கடல்சார் அருங்காட்சியகம். 1959இல் தொடங்கியது. உள்ளே சிலுவை போட்ட கல், அரபு எழுத்துக் கல், சிரியாக் எழுத்துக் கல் என்று காடு மாதிரி நிற்கின்றன. ஒரு பக்கம் நம் கோயில் கற்கள். லிங்கத்துக்கு யானை பூ வைக்கிறது. திருவானைக்காவல் போனவர்களுக்குக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு கல்லில் மாடு.

இந்த ஊரில் 1956இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் படத்தை ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருந்தேன். சக ஆண்டு 1203, சித்திரை மாதம். நம் கணக்கில் 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் உடல்நலத்துக்காக, அவர் கொடுத்த உத்தரவின்படி இங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது விஷயம். அந்தக் கான் வேறு யாருமல்ல, அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியச் சக்கரவர்த்தி குப்லாய் கான் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மொழி!

எழுத்து பழசு. எல்லாம் படிக்க வராது. ஆனால் பெயர் தெரிந்தபின் விரலால் தடவித் தடவிப் பார்த்தால், ப, ம என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். பெருமாள். "எங்க ஊர்ப் பேரு" என்று படத்தைக் காட்டினேன். சிட்டகாங் நண்பன் போனைப் பிடுங்கி, தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "உன் ஊர்க்காரன் உனக்கு முன்னாடியே வந்துட்டான்" என்றான்.

இந்தத் தொடர்பு 1281இல் திடீரென்று முளைத்ததல்ல. ராஜராஜ சோழர் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீன அரசவைக்கு வந்தது. 1033இலும் 1077இலும் மறுபடி சோழத் தூதர்கள் வந்தார்கள். தூதர்களைவிட அதிகம் வந்தவர்கள் வணிகர்கள். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தென்கிழக்கு ஆசியா முழுவதும் கல்வெட்டு விட்டுப் போயிருக்கின்றன.

அப்புறம் எங்கே போனார்கள்? 1357 முதல் 1366 வரை இந்த ஊரில் பெரும் கலகம் நடந்தது. வெளிநாட்டார் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஓடினார்கள். 1368இல் மிங் ஆட்சி வந்ததும் தனியார் கடல் வணிகத்துக்குத் தடை. கோயில் இடிந்தது. கற்களை ஊர் மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பெருமாள் பெயர் பொறித்த கல் மண்ணுக்குள் போனது.

வெளியே கொண்டுவந்தது யார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1920களிலிருந்து ரோடு போடுவதற்காகவும், பிறகு போர்க்காலத்திலும் பழைய மதிலை இடித்தார்கள். உள்ளேயிருந்து விதவிதமான எழுத்தும் உருவமும் போட்ட கற்கள் விழுந்தன. கல்லுடைப்பவர்களுக்கு அவை வெறும் கல். வூ வென்லியாங் என்று ஒரு பள்ளி ஆசிரியர், தாவரவியல் படித்தவர், அந்தக் கற்களைத் தேடித் தேடிச் சேகரித்தார். தன் சேகரிப்பை அரசுக்குக் கொடுத்தார். 1957இல் படங்களோடு புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஒரு வாத்தியார்! நம்மைப் போல சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனுஷன். அவர் மட்டும் இல்லையென்றால் அதில் எத்தனை கல் ஜல்லியாகியிருக்கும்!

சிப்பி கட்டிய பாலம்

சிவில் பிரிவுக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா? லுவோயாங் பாலம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 1053இல் தொடங்கி 1059இல் முடித்த கல் பாலம். சாய் சியாங் என்ற அதிகாரியின் காலத்து வேலை. வேலை எப்படிப்பட்ட இடத்தில் என்று யோசியுங்கள்: அடியில் சேறு, மேலே ஆற்று வெள்ளம், தினம் இரண்டு தடவை கடல் ஏற்றம். பைல் இறக்க மெஷின் கிடையாது, சிமெண்ட் கிடையாது.

அவர்கள் என்ன செய்தார்கள்? பாலம் போகிற வழி நெடுக ஆற்றுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி அகலமான ஒரு மேடை எழுப்பினார்கள். நாம் ராஃப்ட் பவுண்டேஷன் என்று படிக்கிறோமே, அதன் பாட்டன். அதன்மேல் தூண்கள். தூணின் முனையைப் படகு மாதிரிக் கூராக்கி நீரோட்டத்துக்கு எதிரே வைத்தார்கள். டன் கணக்கில் எடையுள்ள கல் உத்தரங்களைத் தெப்பத்தில் ஏற்றி, கடல் ஏறும்போது தூண்களுக்கு இடையே கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீர் வடியும்போது உத்தரம் தானாகத் தூணில் உட்காரும். கிரேன் வேலையைக் கடலே பார்த்தது!

கற்களை ஒட்ட வைத்தது எது? சிப்பி! அடித்தளக் கற்களில் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பெருகும். கல்லும் கல்லும் ஒன்றாகிவிடும். நாங்கள் போனபோது கடல் வடிந்திருந்தது. தூண் அடியில் இன்றைக்கும் சிப்பி மொய்த்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தேன். கான்கிரீட் டெக்னாலஜி பேப்பருக்கு நான் படித்த எந்த அட்மிக்ஸரும் தானாகக் குட்டி போட்டதில்லை!

திரும்பும் வழியில் ஷூன்பூ என்ற மீனவர் கிராமம். அங்கே சுவரையே சிப்பி ஓட்டால் கட்டியிருக்கிறார்கள். அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த ஊர்ப் பெண்கள், வயசான பாட்டிகள் உட்பட, கொண்டையைச் சுற்றிப் பூச்சரம் வைத்திருந்தார்கள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது. வாசனைகூட வந்தது.

பேர் மாறிய அம்மன்

கடைசியாக ஊருக்கு வெளியே செடியன் கிராமம். அங்கே ஒரு சிறு கோயில் இருப்பதாகப் படித்திருந்தேன். பினாங்குக்காரன் வழி கேட்டுக் கேட்டு அழைத்துப் போனான். ஒரே ஒரு அறை மாதிரி. உள்ளே கல்லில் ஒரு பெண் தெய்வம். நான்கு கை. காலடியில் ஒரு அசுரன். இரண்டு பக்கமும் இரண்டு தோழியர். கிராமத்துக்காரர்களுக்கு இது குவான்யின், சீனர்களின் கருணைத் தெய்வம். நமக்கு? பார்த்தவுடன் தெரிந்துவிடும், நம் அம்மன்.

விளக்குப் பார்க்கிற பாட்டி ஒருவர் இருந்தார். இந்த ஊரில் பாட்டியை "ஆமா" என்பார்கள். எங்களைப் பார்த்து, கேட்காமலே ஆளுக்கு மூன்று ஊதுபத்தி கொடுத்தார். "ஆமா, இந்தச் சாமி எங்கிருந்து வந்தது?" என்று பினாங்குக்காரன் ஹொக்கியனில் கேட்டான். பாட்டி சொன்னதை அவன் எனக்குச் சொன்னான்: "எங்க அம்மா கும்பிட்டாங்க. அவங்க அம்மா கும்பிட்டாங்க. எங்கிருந்து வந்தா என்ன? பிள்ளைங்களைக் காப்பாத்துறா." பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். "இந்தப் பையனோட அம்மா தூரத்துல இருக்காளா?" என்று கேட்டாராம்.

ஊதுபத்தியை ஏற்றி வைத்தேன். ஜான்சிபார் நண்பனும் சிட்டகாங் நண்பனும் வெளித் திண்ணையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசலில் அன்றைக்கு நான் அவர்களுக்காக உட்கார்ந்திருந்த மாதிரி. கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், பெயர் போய்விட்டது, மொழி போய்விட்டது. விளக்கு மட்டும் அணையவில்லை. அதை ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் வேற்று நாட்டுக்காரர்கள். அந்நியர் என்று யாரை நாம் சொல்வது?

அன்று ராத்திரி அப்பா வழக்கம்போலக் கேட்டார், "நம்ம ஆளுக யாராச்சும்...?"

"இருந்திருக்காங்கப்பா. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி. கோயில் கட்டியிருக்காங்க."

"மிளகு யாவாரமா?" அப்பா படிக்காதவர்தான். ஆனால் கேள்வி எவ்வளவு சரி பாருங்கள்!

"ஆமாப்பா. ஒருத்தர் பேரு சம்பந்தப் பெருமாள். கல்லுல எழுதியிருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆனால் இது பழைய மௌனம் அல்ல. பின்னால் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏத்தா, இங்க வா, புள்ள என்னமோ சொல்றான் கேளு" என்றது காதில் விழுந்தது. அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. "அந்தப் பாட்டிய மறுபடி பாத்தியா?" என்றுதான் கேட்கிறார். ஒத்தி இன்னும் மீட்கவில்லை. நான் சம்பாதித்துத்தான் மீட்க வேண்டும். அது வேறு கணக்கு.

தோழர்களே, உங்களிடம் ஒரு வேலை

இவ்வளவும் எழுதியது "தமிழன் போகாத இடமில்லை" என்று மார்தட்டுவதற்கல்ல. அந்த வசனம் மேடையில் நன்றாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். நான் பார்த்தது வேறு. நாம் ஒரு ஊரைப் புரிந்துகொள்வதற்கு முதலில் மொழி வேண்டும் என்று நினைக்கிறோம். டிப்ளமோ படித்த நமக்கு இன்னொரு வழியும் உண்டு, தொழில். தூணின் பட்டை, பாலத்தின் அடித்தளம், கப்பலின் தடுப்பு, இவற்றைப் பார்க்கத் தெரிந்தால் எந்த ஊரும் நம்மோடு பேசும். உங்களில் யாராவது நாளைக்கு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போவீர்கள். வேலை முடிந்து ரூமிலேயே படுத்துக்கிடக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து தெருவில் இறங்குங்கள். நாலும் நாலு ஊர்க்காரராக இருந்தால் ரொம்ப நல்லது.

வெளியூர் போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. எங்கள் பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடி பக்கமெல்லாம் பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட கற்திட்டைகள் இருக்கின்றன. ஊரில் "குள்ளர் குகை" என்பார்கள். பெருங்கற்கால மனிதர்கள் கட்டியவை. அங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இவற்றை ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. செண்பகனூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த பொருள்களை வைத்திருக்கிறார்கள். நான் சின்ன வயதில் ஆடு தேடிப் போகும்போது மழைக்கு ஒதுங்கிய இடம் அது. பலகைக்கல் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கும். யாரும் கண்டுகொள்வதில்லை. வூ வென்லியாங் வாத்தியாருக்கு முன்னால் சுவான்சௌ மதில் கல்லும் அப்படித்தான் கிடந்தது.

மூன்றாம் ஆண்டு சிவில் தம்பிகளே, தங்கச்சிகளே! இந்த வருஷ சர்வே கேம்ப்புக்கு எங்கள் மலைக்கு வாருங்கள். தியோடலைட்டும் டேப்பும் கல்லூரியில் இருக்கிறது. ஒவ்வொரு கற்திட்டையையும் அளந்து, பிளானும் எலிவேஷனும் போட்டு, எந்தப் பாறையில் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லைத் தொட்டு நகர்த்த வேண்டாம், அளந்தால் போதும். ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். பெருமாள்மலையில் இறங்கி எங்கள் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். அப்பாவே கூட வந்து வழி காட்டுவார். அம்மா காப்பி போட்டுத் தருவார்கள், நம் தோட்டத்துக் காப்பி.